பதினேழில் நிறுத்த வேண்டும்

சீட்டு: 2 (மொத்தம் 2)

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "சூதாட்டத்தை வச்சு ஒரு கதை வேணும். உங்களுக்குச் சீட்டாட்டம் ஏதாவது தெரியுமா?" என்றார். "பிளாக்ஜாக் அத்துப்படி" என்று கூசாமல் சொன்னேன். எனக்கு அத்துப்படியாக இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

போனை வைத்த கையோடு எழுதிய முதல் வாக்கியம்:

*புகை மண்டிய அந்தக் கூடத்தில், கறுப்புக் கோட்டு அணிந்தவன் தன் கடைசிச் சீட்டைப் புரட்டினான். அவன் கண்களில் —*

அவன் கண்களில் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் என்ன சீட்டு, எதிரில் என்ன சீட்டு, எத்தனை வந்தால் ஜெயிப்பான், எதுவும் தெரியாமல் கண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நான். அதை அடிக்காமல் இங்கே விட்டுவைத்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள் என்று.

இரண்டாவது முயற்சி:

*வாழ்க்கையே ஒரு சூதாட்டம்தான் என்று —*

இதை முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். மாடியில் என் அறை. கீழே அண்ணனும் அண்ணியும். சாப்பாட்டு மேசையில் ஒரு பச்சைக் கம்பளியை விரித்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள் அண்ணி. பக்கத்தில் ஒரு சீட்டுக்கட்டு. ஒரு கிண்ணம் நிறைய சட்டைப் பொத்தான்கள்.

"வாங்க தம்பி. எதிர்ல உக்கார ஒரு ஆள் வேணும். உங்க அண்ணன் வேலைக்குப் போயாச்சு. நீங்க சும்மாத்தானே இருக்கீங்க?"

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கோட்டுக்காரன் நினைவுக்கு வந்தான். பேசாமல் உட்கார்ந்தேன்.

சீட்டு: 5 (மொத்தம் 7)

அண்ணி ஒரு பெரிய பலசரக்குக் கடையில் பில் போடும் வேலையில் இருந்தவள். கடைக்காரர்கள் திடீரென்று கவுண்டர்களை எடுத்துவிட்டு, ஆட்கள் தாங்களே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அண்ணி வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு எங்கே விண்ணப்பம் போட்டாலும் அவள் வயதைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் வரச் சொன்னார்கள். ஒரு ஹோட்டலின் விளையாட்டுக் கூடம். சீட்டுப் போடும் டீலர் வேலை. பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். கடைசியில் ஒரு தேர்வு. அதில் தேறினால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் வீடு, இந்தப் பச்சைக் கம்பளி, சொல்லி அனுப்புகிறோம்.

(சூதாட்டக் கூடத்தில் வேலையா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை நடந்து, ஓய்ந்து, பாத்திரமும் கழுவி வைத்தாகிவிட்டது. அதை எழுதப்போவதில்லை.)

"பிளாக்ஜாக் ரூல்ஸ் ரொம்ப சுலபம்" என்றாள். "ராஜா, ராணி, ஜாக் எல்லாமே பத்து. ஏஸ் மட்டும் ஒண்ணு, இல்லன்னா பதினொண்ணு, எது வசதியோ அது. மத்ததெல்லாம் மேல போட்டிருக்கிற நம்பர். என்னைவிட அதிகமா சேர்க்கணும், ஆனா இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினா அவுட்."

எனக்கு இரண்டு சீட்டு, முகம் தெரிய. அவளுக்கும் இரண்டு, ஒன்று முகம் தெரிய, ஒன்று கவிழ்ந்து.

"இன்னொண்ணு போடுங்க" என்றேன்.

அண்ணி அசையவில்லை. "வாயால சொன்னா செல்லாது தம்பி. மேல கேமரா இருக்கும், அதுக்குக் காது கிடையாது. விரலால மேசையைத் தட்டினா சீட்டு வேணும். உள்ளங்கையை இப்படி வீசினா போதும். அவ்வளவுதான் பாஷை."

தட்டினேன். ஒரு ராணி வந்து விழுந்தாள். தாண்டிவிட்டேன். அண்ணியின் கை என் பொத்தானை வாரிக்கொண்டு போயிற்று. அவள் தன் சீட்டைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

"உங்களுக்கு என்ன வந்துதுன்னே காட்டலையே?"

"எனக்கு என்ன வந்தா என்ன? முதல்ல தாண்டினது நீங்க. கூடத்துக்காரங்க இதுலதான் சம்பாதிக்கிறாங்க."

நான் எழுத்தாளன், உள்ளுணர்வை நம்புகிறவன். அன்று காலை முழுக்க உள்ளுணர்வோடு ஆடி, கிண்ணத்தில் இருந்த பொத்தான்களைத் தோற்று, கடைசியில் போட்டிருந்த சட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து வைத்து அதையும் தோற்றேன். தோல்வி பெரிதாக வலிக்கவில்லை. என்னை அசைத்தது அவள் போகிற போக்கில் சொன்ன ஒன்று.

"டீலருக்கு யோசனையே கிடையாது தம்பி. பதினாறு வரைக்கும் நான் சீட்டு எடுத்தே ஆகணும். பதினேழு வந்துட்டா நிறுத்தியே ஆகணும். ஆசைப்பட்டாலும் எடுக்க முடியாது, பயந்தாலும் நிறுத்த முடியாது."

இத்தனை வருடமாகக் கதையை எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிட நல்ல விதி கிடைக்குமா? அப்போதே முடிவு செய்தேன். இந்தக் கதையில் நான் டீலர். ஒவ்வொரு பகுதியும் ஒரு சீட்டு. மொத்தம் பதினேழைத் தொட்டதும் நிறுத்திவிடுவேன், வாக்கியம் பாதியில் தொங்கினாலும் சரி. பகுதிகளின் தலையில் இருக்கும் எண்களின் ரகசியம் அவ்வளவுதான்.

சீட்டு: 3 (மொத்தம் 10)

அடிப்படை உத்தி என்று ஒன்று இருக்கிறது. யாரோ கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, ஒரு சின்ன அட்டவணையாகவே ஆக்கிவிட்டார்கள். உன் கையில் இது, டீலரின் திறந்த சீட்டு அது என்றால், இதைத்தான் செய்ய வேண்டும். அண்ணி அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள்.

சீட்டுக்கட்டில் பத்து மதிப்புள்ள சீட்டுகள்தான் அதிகம். ஆகவே கவிழ்ந்திருக்கும் சீட்டைப் பத்து என்றே வைத்துக்கொள். டீலர் ஆறைக் காட்டிக்கொண்டிருந்தால் அவளிடம் பதினாறு. எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் பெரும்பாலும் தாண்டுவாள். ஆகவே உன் கையில் வெறும் பதிமூன்று இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு இரு. அவளே விழட்டும். அதே பதிமூன்றுக்கு எதிரில் ஏழு முதல் மேலே ஏதாவது இருந்தால் எடு, பயந்துகொண்டாவது எடு. இரண்டு எட்டு வந்தால் பிரித்து இரண்டு ஆட்டமாக ஆடு. இரண்டு பத்து வந்தால் பிரிக்காதே. இருபது கையில் இருக்கும்போது பேராசை எதற்கு?

(இதையெல்லாம் படித்துவிட்டு எங்காவது போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அட்டவணைப்படி ஆடினாலும் நாளடைவில் கூடம்தான் ஜெயிக்கும். கொஞ்சம் மெதுவாகத் தோற்பீர்கள், அவ்வளவுதான்.)

இதெல்லாம் அண்ணிக்குத் தலைகீழ்ப் பாடம். வினை அங்கேதான் வந்தது.

பயிற்சி அறையின் தலைமை ஆளைக் கழுகு என்பார்கள். அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். சீட்டைப் பார்க்க மாட்டார், கையையே பார்ப்பார். தேர்வு நாளில் அவரே வாடிக்கையாளராக உட்கார்ந்து, வேண்டுமென்றே அசட்டுத்தனமாக ஆடினார். பதினெட்டு வைத்துக்கொண்டு மேசையைத் தட்டினார்.

அண்ணியின் கை நின்றுவிட்டது. ஒரு நொடி இருக்கும். கட்டுக்கும் கழுகுக்கும் நடுவே, அந்தரத்தில்.

"ஏம்மா நிறுத்தினீங்க?" என்று கேட்டாராம்.

"பதினெட்டு இருக்குதுங்களே சார்..."

"இருக்கட்டும். என் சீட்டு, என் இஷ்டம். உங்க கை நின்னா அது எனக்குச் சொல்ற யோசனை. இன்னிக்கு நல்ல யோசனை சொல்ற கை நாளைக்கு வேண்டியவங்களுக்குச் சாடை காட்டும்னு முதலாளி நினைப்பார். அடுத்த வாரம் இன்னும் ஒரே ஒரு தடவை தேர்வுக்கு வாங்க. அதோட சரி."

அண்ணிக்கு ஏன் கை நின்றது என்று எனக்குத் தெரியும். அவளுடைய கவுண்டர் வரிசையில் நானே நின்றிருக்கிறேன். "இந்தச் சின்னது வேணாம்மா, பெருசு எடுங்க, அதுல இன்னொண்ணு இலவசம்." "தக்காளி அழுகியிருக்கு பாருங்க, மாத்திட்டு வாங்க, நான் நிறுத்தி வைக்கிறேன்." பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். அவள் கை பொருளோடு அந்தரத்தில் நிற்கும். அந்தக் கைதான் இது.

"உங்க நல்ல குணத்தைக் கழற்றி வைக்கச் சொல்றாரே அந்த ஆளு, உங்களுக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டேன். ஒரு நல்ல வசனம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"அட போங்க தம்பி. இத்தனை வருஷம் ஊருக்கே யோசனை சொன்னேன். ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா? இனிமே சம்பளத்தை வாங்கிட்டு வாயை மூடிட்டு இருக்கேன். கைதான் கேட்க மாட்டேங்குது."

சீட்டு: 2 (மொத்தம் 12)

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன்.

கதையை முதலில் எழுதியபோது அவனை எடுத்தே விட்டிருந்தேன். காரணம், நம்ப முடியாத ஆள். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆட்களோடு நடுவில் நின்றுபோன லிஃப்டின் கூரையில் ஒற்றை டார்ச்சோடு இறங்கி, எந்தக் கம்பியைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று தனியாக முடிவு செய்கிறவன். அதே மனிதன் காலையில் பனியனோடு வீட்டு நடுவில் நின்று, "ஏம்மா, நீலச் சட்டையா, கோடு போட்டதா?" என்று கேட்பான். டீயா காப்பியா என்று இவனைக் கேட்டால் அண்ணியைத் திரும்பிப் பார்ப்பான். ஒரே உடம்பில் இந்த இரண்டு பேரையும் வைத்தால் எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? *அண்ணன் உண்மையில் ஒரு* — இல்லை, இப்படித் தொடங்கும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை.

ஆனால் அண்ணியின் கையைப் பழக்க அவன்தான் வேண்டியிருந்தது. நான் தோற்றால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே பொத்தானை வாரினாள். கணவன் எதிரில் உட்கார்ந்ததும் கை நின்றது. அவன் பன்னிரண்டு வைத்துக்கொண்டு, அவளுடைய ஆறுக்கு எதிராக விரலைத் தூக்கியபடியே கேட்பான்:

"என்ன பண்ணட்டும்?"

"கேக்கக் கூடாதுங்க."

"சும்மா சொல்லு. இங்க என்ன கேமராவா இருக்கு?"

"எனக்கு வேலை போயிடும்ங்க."

"இன்னும் கிடைக்கவே இல்லையே!"

இப்படி மூன்று நான்கு மாலைகள். அவன் தப்பாகத் தட்டுவான். அவள் கை நிற்கும். அவன் உடனே உள்ளங்கையை வீசுவான். கழுகு சொன்னது சரி என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அவள் வாயே திறக்கவில்லை, ஆனாலும் அவன் அவளைக் கேட்டுத்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அண்ணி எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தாடையை இறுக்கி, கண்ணைக் கம்பளியில் நட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு அவன் எப்படிக் கேட்டும் அந்த முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கை மட்டும் இன்னும் லேசாகத் தயங்கியது.

"என்னடா இவ, யாரோ மாதிரி உக்காந்திருக்கா?" என்று என்னிடம் கேட்டான். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. எழுந்து போய்க் குளிர்பதனப் பெட்டியின் முன்னால் நின்று தண்ணீர் குடித்தான். அந்த வாரம் அண்ணன் ரொம்பவே தண்ணீர் குடித்தான். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டு: 4 (மொத்தம் 16)

இதற்குள் நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முடிவு (அ): கழுகு தட்டுகிறார். அண்ணியின் கை நிற்கிறது. "நன்றிம்மா" என்கிறார். அவள் வெளியே வந்து, பழைய கடையின் கண்ணாடி வழியாக, தனக்குத்தானே பில் போட்டுக்கொள்ளும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

முடிவு (ஆ): கை நிற்கவில்லை. வேலை கிடைக்கிறது. எல்லோரும் சந்தோஷம்.

தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு. வந்து பார்த்தால் அண்ணி படித்துக்கொண்டிருந்தாள்.

"தோக்கறதை மட்டும் இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. கிழவர், கண்ணாடி, எல்லாம் இருக்கு. ஜெயிக்கிறதுக்கு மூணே மூணு வரியா?"

"அது வந்து அண்ணி... ஜெயிச்சா இலக்கியமா இருக்காது."

"ஓ. உங்க இலக்கியத்துக்காக நான் வீட்ல உக்காரணுமா?"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த விமரிசனங்களிலேயே இதுதான் சரியானது. வெட்கமாக இருந்தது. சீட்டை முன்கூட்டியே தனக்கு வேண்டியபடி அடுக்கி வைத்துக்கொண்டு பங்கு போடுகிறவனைச் சீட்டாட்டத்தில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அவள் கண் என்னைப் பார்த்துச் சொன்னது.

தேர்வுக்கு முந்தைய நாள் விடுமுறை. மதியம் கடைசி ஒத்திகை. அண்ணன் முன்னால் ஒரு பத்து, ஒரு ஆறு. அண்ணி முன்னால் திறந்த ராஜா.

பதினாறுக்கு எதிராகப் பத்து. இந்த ஆட்டத்திலேயே படுமோசமான கை. அட்டவணையே இதற்கு அரை மனதோடுதான் பதில் சொல்கிறது.

அண்ணன் வாயைத் திறந்தான். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. தனக்குத்தானே முணுமுணுத்தான்: "கவுந்திருக்கிறது பத்துன்னு வச்சுக்கணும். அப்ப அவளுக்கு இருபது. நான் நின்னா காலி. எடுத்தாலும் அநேகமாக் காலிதான். ஆனா எடுத்தா கொஞ்சம் கம்மியாக் காலி."

மேசையைத் தட்டினான். அண்ணியைப் பார்க்கவே இல்லை.

சீட்டு வந்து விழுந்தது. ஒன்பது. அண்ணியின் கை அதே வேகத்தில் பொத்தானை வாரிக்கொண்டு திரும்பியது. கை நிற்கவில்லை என்பதை நான்தான் முதலில் கவனித்தேன். அவளே பிறகுதான் கவனித்தாள்.

"அவுட்!" என்று அண்ணன் கத்தினான், பரிசு விழுந்தவன் போல. "டேய், தோத்தேன்டா! ஆனா சரியா ஆடினேன்ல? ஃப்ரிட்ஜ் கதவுல அப்படித்தானே போட்டிருக்கு?"

அந்த அட்டவணையின் முன்னால் நின்று தண்ணீர் குடித்ததெல்லாம் இதற்குத்தான்.

அண்ணி விதிப்படி இரண்டு கைகளையும் கம்பளிக்கு மேலே நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டினாள். மேசையை விட்டு விலகும் டீலர் கையில் எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். காட்டி முடித்ததும்தான் மனைவியானாள்.

"இவ்வளவு யோசிக்கத் தெரியுதுல்ல? அப்ப இத்தனை வருஷமா எந்தச் சட்டைன்னு ஏன் என் உசுரை வாங்கினீங்க?"

அண்ணன் பொத்தான் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "நாள் பூரா அங்க நானேதான்மா முடிவு பண்ணணும். தப்பாப் போனா உள்ள இருக்கிறவன் கதி என்ன? வீட்டுக்கு வந்தா நீ சொல்ற. சுகமா இருக்கும். அதான்."

இந்த முறை அண்ணியின் முகத்தில் எல்லாமே எழுதியிருந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம்.

நான் மாடிக்குப் போய், அண்ணனைக் கதைக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சீட்டு: ஏஸ் (மொத்தம் 17)

பதினாறில் நின்றிருந்தேன். எடுத்தே ஆக வேண்டும். வந்தது ஏஸ். பதினொன்றாக எண்ணினால் தாண்டிவிடுவேன், ஆகவே ஒன்று. சின்னதாக ஒரு பகுதி எழுத மட்டுமே இடம் இருக்கிறது.

தேர்வு நாள் காலை அண்ணி கிளம்பிப் போனாள். அண்ணன் விடுப்பு எடுத்திருந்தான். யாரையும் கேட்காமல் தானே ஒரு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சை. அது எங்கள் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்றேன். அதுவும் பொய்தான்.

இரண்டு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கம்பளியை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தான்; பிறகு கலைத்தான்; மறுபடியும் பிரித்தான்.

மாலை வெயில் சன்னலில் ஏறும்போது கதவு திறந்தது.

அண்ணி செருப்பை ஓரமாக விட்டாள். நேராக வந்து மேசைக்கு அந்தப் பக்கம், டீலர் நிற்கும் இடத்தில் நின்றாள். கைப்பையைக் கம்பளியின் மேல் வைத்தாள். கணவனின் சட்டையைப் பார்த்தாள். அதற்கே முகம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. தாடை இறுகியிருந்தது. அந்த முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் காட்டினாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?" என்றேன்.

அண்ணி அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஒரு வாரத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து தோற்றது மட்டும்தான். அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். என் முடிவு (அ)வைக் கிழித்துப்போட்டு நாளாகிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கைப்பையில் என்ன இருக்கிறது என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியும். ஆனால் மொத்தம் பதினேழு. ஆசைப்பட்டாலும் நான் இன்னொன்று எடுக்க முடியாது. என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நானும் அதே மேசையில்தான் பழகினேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நீங்கள் வேண்டுமானால் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதை என் அண்ணன் காட்டுவான்.

அவன் என்னைப் போல வாயால் கேட்கவில்லை. கிளிப்பச்சைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் கம்பளியை இரண்டு முறை தட்டினான்.

அண்ணியின் கை கைப்பைக்குள் போனது. எங்கும் நிற்கவில்லை.